வளர்ப்புப் பிள்ளையின் மனநலம்: "ஹோம்ல விட்டுடலாம்" என்ற பேச்சு எழும் முன் செய்ய வேண்டியவை

மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் மாதிரியான தோட்டத்துப் பட்டணங்களில் வளர்ப்புப் பிள்ளை என்றால் பெரும்பாலும் உறவுக்காரப் பிள்ளைதான். அப்பா சிறையில், அம்மா ஜொகூர் பக்கம் தொழிற்சாலையில், அல்லது இரண்டு பேருமே இல்லை. பாட்டியோ சித்தியோ பெரியப்பாவோ ஒரு பையோடு கூட்டிக்கொண்டு வந்துவிடுகிறார்கள். சமூக நல இலாகா வழியாக நீதிமன்ற உத்தரவோடு வரும் பிள்ளைகளும் உண்டு. எந்த வழியில் வந்தாலும், பிள்ளைக்கு மனநலச் சிக்கல் இருந்தால் என்றாவது ஒரு நாள் வீட்டில் யாராவது சொல்லிவிடுகிறார்கள்: "முடியல, எங்கயாவது ஹோம்ல விட்டுடலாம்."

அந்தப் பேச்சு எழும் வீடுகளைக் கவனித்தால், நோய் முற்றியதுதான் காரணம் என்று சொல்ல முடியாது. தூக்கமில்லாமல் களைத்துப்போன பெரியவர், கையில் இல்லாத காகிதம், தவறவிட்ட கிளினிக் தேதி, ஒரு நாள் மாற்றிவிட ஆள் இல்லாத நிலை. இந்த நான்கும் சேர்ந்துதான் பிள்ளையை வாசலுக்கு வெளியே தள்ளுகின்றன. நான்கையும் முன்கூட்டியே சரிசெய்யலாம். புதிதாகப் பிள்ளையை ஏற்றுக்கொண்டவர்கள் எந்த வரிசையில் செய்வது என்பதுதான் இங்கே.

காகிதத்திலிருந்து தொடங்குங்கள்

பிள்ளை எந்தச் சட்ட நிலையில் உங்கள் வீட்டில் இருக்கிறது என்பதை முதல் வாரத்திலேயே தெரிந்துகொள்ளுங்கள். 2001-ஆம் ஆண்டின் சிறார் சட்டப்படி நீதிமன்றம் உங்களிடம் ஒப்படைத்திருந்தால், உங்களிடம் ஓர் உத்தரவுத் தாள் இருக்கும். எந்தத் தேதிவரை செல்லும், என்னென்ன நிபந்தனை என்று அதில் எழுதியிருக்கும். முடியும் தேதியைச் சுவரில் தொங்கும் காலண்டரில் குறித்துவிட்டு, அதற்கு மூன்று மாதம் முன்பே இலாகா அதிகாரியைக் கூப்பிடுங்கள். சட்டப்படி தத்து எடுத்திருந்தால் நீங்கள்தான் பெற்றோர். கையெழுத்துச் சிக்கல் இல்லை. நம் பக்கம் அதிகம் இருப்பது மூன்றாவது வகை: "நீ பாத்துக்க, நான் அப்புறம் வர்றேன்" என்ற வாய்ப்பேச்சு.

வாய்ப்பேச்சில் வந்த பிள்ளைக்குச் சளி, காய்ச்சல் என்றால் யாரும் காகிதம் கேட்கமாட்டார்கள். மனநல வார்டில் சேர்க்க, சிகிச்சைக்கு ஒப்புதல் தர, பள்ளி மாற்ற, 12 வயதில் அடையாள அட்டை எடுக்க என்று வரும்போதுதான் "நீங்க பிள்ளைக்கு யாரு?" என்ற கேள்வி வரும். நெருக்கடி நேரத்தில் பெற்றவரைத் தேடி போன் போட்டுக்கொண்டிருக்க முடியாது. அதனால் பெற்றவர் தொடர்பில் இருக்கும்போதே எழுதி வாங்குங்கள். பிள்ளையின் பெயர், பிறப்புப் பத்திர எண், யார் பராமரிக்கிறார், மருத்துவம் பள்ளி இரண்டுக்கும் அவர் கையெழுத்துப் போடச் சம்மதம் என்று மலாயில் எழுதி, சத்தியப் பிரமாண ஆணையர் முன் கையெழுத்து வாங்கினால் போதும். இந்தக் கடிதம் உங்களைச் சட்டப் பாதுகாவலர் ஆக்கிவிடாது. ஆனால் கவுண்டரில் இருப்பவருக்குப் பிடித்துக்கொள்ள ஏதோ ஒன்று இருக்கும்.

கடிதத்தோடு நிறுத்த வேண்டாம். சுங்கை சிப்புட் கோலா கங்சார் மாவட்டத்தில் சேர்ந்தது. அந்த மாவட்டச் சமூக நல அலுவலகத்தில் போய்ப் பதிவு செய்யுங்கள். அடுத்தவர் பிள்ளையைப் பொறுப்பில் எடுத்தால் ஒரு வாரத்துக்குள் பாதுகாவல் அதிகாரிக்குத் தெரிவிக்க வேண்டும் என்று சிறார் சட்டத்தில் ஒரு பகுதியே இருக்கிறது. உங்கள் உறவுமுறைக்கு அது எப்படிப் பொருந்தும் என்று அங்கேயே கேட்டுக்கொள்ளலாம். "வெல்ஃபேர்காரன் வந்தா பிள்ளையத் தூக்கிட்டுப் போயிடுவான்" என்று பயந்து ஒதுங்கும் வீடுகள் நிறைய. உண்மையில் இலாகாவுக்கு முன்பே தெரிந்த வீட்டுக்குத்தான் உதவித்தொகை, ஆஸ்பத்திரிக் கடிதம் எல்லாம் சீக்கிரம் கிடைக்கிறது. அவர்கள் முதன்முதலில் கேள்விப்படுவதே போலீஸ் ரிப்போர்ட்டாக இருந்தால், பிள்ளையை எடுத்துக்கொண்டு போகும் வாய்ப்புத்தான் அதிகம்.

ஒரு கெட்டி ஃபைலில் இவை இருக்கட்டும்: பிறப்புப் பத்திரம், மைகிட் அல்லது மைகாட் அடையாள அட்டை, உத்தரவு அல்லது பெற்றவர் கடிதம், பெற்றோர் ஐ.சி. நகல், இறந்திருந்தால் மரணப் பத்திரம், தடுப்பூசிப் புத்தகம், பள்ளி ரிப்போர்ட் கார்டு, முன்பு பார்த்த கிளினிக் அட்டை, கடைசியாகச் சாப்பிட்ட மருந்துப் பையின் லேபிள். லேபிளைப் பலர் குப்பையில் போட்டுவிடுகிறார்கள். மருந்தின் பெயரும் அளவும் அதில்தான் இருக்கிறது. மூன்று செட் நகல் எடுத்து, ஒன்றைப் பக்கத்து வீட்டிலோ கோயில் கமிட்டியில் நம்பிக்கையான ஒருவரிடமோ கொடுத்து வையுங்கள்.

பிறப்புப் பத்திரமே இல்லாத பிள்ளைகள் தோட்டத்துப் பக்கம் இன்னும் இருக்கிறார்கள். 60 நாளுக்குள் பதியாத பிறப்பு தாமதப் பதிவாகிவிடும். தேசியப் பதிவிலாகாவில் சாட்சி, மருத்துவமனைப் பதிவு என்று இழுக்கும். அது ஒரு பக்கம் நடக்கட்டும். சிகிச்சையை அதற்காக நிறுத்தி வைக்காதீர்கள். மருத்துவமனையில் வெளிநாட்டவர் கட்டணம் எழுதினால், அங்கேயே இருக்கும் மருத்துவ சமூகப் பணிப் பிரிவைக் கேட்டுப் போங்கள். கட்டணம், போக்குவரத்து, இலாகாத் தொடர்பு மூன்றையும் பேச வேண்டிய இடம் அதுதான்.

பணம் பற்றி ஒரே ஒரு விஷயம். இறந்த அப்பாவோ அம்மாவோ தோட்டத்திலோ தொழிற்சாலையிலோ பெர்கேசோ (தொழிலாளர் சமூகக் காப்பு) கட்டி வேலை செய்தவரா என்று பாருங்கள். வாரிசு ஓய்வூதியத்தில் பிள்ளைக்குப் பங்கு இருக்கலாம். கேட்காமலேயே விட்ட குடும்பங்கள் பல.

முதல் மாதம்: எழுதி வையுங்கள்

வந்த முதல் சில வாரம் பிள்ளை தங்கமாக இருக்கும். தட்டைக் கழுவி வைக்கும், கேட்காமலேயே "அம்மா" என்று கூப்பிடும். பிறகுதான் சோற்றைத் தலையணைக்கடியில் ஒளிப்பது, படுக்கையில் சிறுநீர் போவது, பொய், திருட்டு, தன்னையே அடித்துக்கொள்வது எல்லாம் தலைகாட்டும். "இப்பத்தான் சுயரூபம் தெரியுது" என்பார்கள் அக்கம்பக்கத்தார். உண்மையில் அந்த முதல் நல்ல நாள்களில் பிள்ளை பயத்தில் இருந்திருக்கிறது. இப்போதுதான் கொஞ்சம் பிடி தளர்ந்திருக்கிறது. பட்டினி கிடந்த பிள்ளை சோறு ஒளிப்பதைத் திட்டி நிறுத்த முடியாது. மூடி போட்ட டப்பாவில் பிஸ்கட்டும் வாழைப்பழமும் எந்த நேரமும் எடுத்துக்கொள்ளலாம் என்று வைத்துவிடுங்கள். பல பிள்ளைகளிடம் சில வாரத்தில் ஒளிப்பது குறையும்.

பள்ளிக் கடையில் விற்கும் ஒரு சாதாரண நோட்டுப் புத்தகம் வாங்குங்கள். ஒவ்வொரு வெடிப்புக்கும் ஐந்து விஷயம்: நாள், நேரம், அதற்கு முன் என்ன நடந்தது, எவ்வளவு நேரம் நீடித்தது, எதனால் அடங்கியது. இப்படி: "திங்கள், மாலை 6.40. டிவியை அணைத்தேன். ரிமோட்டை எறிந்தான், சுவரில் தலையை முட்டினான். 25 நிமிடம். குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டதும் உள்ளே போய் உட்கார்ந்துகொண்டான்." இதோடு தினமும் எத்தனை மணிக்குத் தூங்கியது, எத்தனை முறை விழித்தது என்றும் எழுதுங்கள். "ரொம்ப முரட்டுத்தனம், சொன்ன பேச்சு கேட்க மாட்டேங்கிறான்" என்று எழுதினால் டாக்டருக்கு ஒரு பயனும் இல்லை. மூன்று வாரக் குறிப்பு கையில் இருந்தால், ஞாயிறு அம்மாவிடமிருந்து போன் வந்தால் திங்கள் பள்ளியில் சண்டை என்பது போன்ற கணக்கு உங்களுக்கே பிடிபடும். பாதி வேலை அங்கேயே முடிந்துவிடும்.

ரோத்தான் (பிரம்படி) வேண்டாம். அடி வாங்கியே வளர்ந்த பிள்ளைக்கு அது புதிதாக எதையும் கற்றுக்கொடுக்காது; உடலில் தடம் இருந்தால் நாளைக்கு ஆஸ்பத்திரியில் உங்கள் மேலேயே சந்தேகம் திரும்பும். அங்கே குழந்தைகள் மீதான வதையைப் பார்க்கவே தனிக் குழு இருக்கிறது. சந்தேகம் வந்தால் அதிகாரிக்குத் தெரிவிக்க வேண்டியது டாக்டரின் சட்டக் கடமை.

கோயிலுக்குக் கூட்டிப்போவது, கயிறு கட்டுவது, திருநீறு போடுவது உங்கள் விருப்பம். பாட்டிக்கு அது நிம்மதி தரும் என்றால் செய்யட்டும். மூன்றுக்கு மட்டும் இடம் கொடுக்காதீர்கள்: மாத்திரையை நிறுத்தச் சொல்வது, பட்டினி போடச் சொல்வது, பேயோட்டுகிறேன் என்று வேப்பிலையாலோ பிரம்பாலோ அடிப்பது.

கிளினிக், ஈப்போ, மறுபடியும் கிளினிக்

நேராக ஈப்போ பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய் நிற்பதில் பயனில்லை. அவசரம் இல்லையென்றால் சிபாரிசுக் கடிதம் கேட்பார்கள். அரசாங்கக் கிளினிக்கில் தொடங்குங்கள். குடிமக்களுக்கு அங்கே 1 வெள்ளிதான். குடும்ப மருத்துவ நிபுணர் எந்த நாளில் வருகிறார் என்று முதலில் விசாரித்து, அந்த நாளுக்குப் போனால் ஒரு சுற்று மிச்சம். அதற்கு முன் பள்ளியின் ஆலோசக ஆசிரியரிடம் ஒரு கடிதம் வாங்குங்கள். வகுப்பில் எவ்வளவு நேரம் உட்காருகிறான், யாரோடு சண்டை, எத்தனை நாள் வரவில்லை என்று அவர் எழுதினால், வீட்டில் மட்டும்தான் பிரச்சினையா என்ற கேள்விக்குப் பதில் கிடைத்துவிடும்.

கிளினிக்கிலிருந்து ஈப்போவின் பெரிய ஆஸ்பத்திரியான ராஜா பெர்மைசூரி பைனுன் மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குக் கடிதம் கொடுப்பார்கள். கடிதத்தை வாங்கியதும் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். தேதி வாங்காமல் கடிதத்தோடு வீட்டுக்கு வந்துவிடுவதுதான் அதிகம் நடக்கும் கோளாறு. அது அலமாரியில் கிடக்கும், மூன்று மாதம் போய்விடும். தேதி தொலைவில் இருந்தால், "நிலை மோசமானால் எங்கே வருவது?" என்று அதே கவுண்டரில் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

சுங்கை சிப்புட்டிலிருந்து ஈப்போ சுமார் 30 கிலோமீட்டர்தான். ஆனால் பால்வெட்டிலோ செம்பனையிலோ நாள் கூலிக்குப் போகிறவருக்கு அது ஒரு நாள் சம்பளம். அதனால் ஒரே நாளில் எல்லாவற்றையும் முடிக்கப் பாருங்கள்: டாக்டர், மருந்து, சமூகப் பணிப் பிரிவு, முதலாளிக்குக் காட்ட நேரச் சீட்டு. தொடர் மருந்தை ஊர்க் கிளினிக்கிலேயே வாங்கிக்கொள்ளும் ஏற்பாடு அரசாங்க மருந்தகங்களில் இருக்கிறது, எஸ்.பி.யூ.பி. என்பார்கள். கட்டுப்பாட்டுப் பட்டியலில் உள்ள சில மருந்துகளுக்கு அது செல்லுபடியாகாமல் போகலாம், கேட்டுக்கொள்ளுங்கள்.

உள்ளே டாக்டரிடம் பேசும்போது பிள்ளையை மொழிபெயர்க்க வைக்காதீர்கள். பாட்டிக்கு மலாய் வராது, டாக்டருக்குத் தமிழ் வராது, நடுவில் 11 வயதுப் பிள்ளை தன்னைப் பற்றிய குற்றச்சாட்டைத் தானே மலாயில் சொல்லிக்கொண்டிருக்கும். தமிழ் தெரிந்த நர்ஸ் இருக்கிறாரா என்று கேளுங்கள், அல்லது படித்த ஒருவரை அழைத்துப் போங்கள். நம் பிள்ளைகள் "மனசு கஷ்டமா இருக்கு" என்று சொல்வது குறைவு. "வயிறு வலிக்குது, தலை சுத்துது" என்பார்கள். உடல் வலி என்று தள்ளாமல் அதையும் நோட்டில் எழுதுங்கள்.

மருந்து கொடுத்தால் கேட்க வேண்டியது நான்கு: எதற்கு, எப்போது வேலை செய்யத் தொடங்கும், என்ன பக்கவிளைவு, ஒரு வேளை மறந்தால் என்ன செய்வது. கவனக்குறைவு, அதீதத் துறுதுறுப்புக்குக் கொடுக்கும் மெத்தில்ஃபெனிடேட் பசியைக் குறைக்கும். பசியாறிய பிறகு கொடுத்து, மருந்தின் வேகம் குறையும் மாலையில் நன்றாகச் சாப்பிட வையுங்கள். சாதாரண மாத்திரையின் வேலை சுமார் நான்கு மணி நேரம்தான். மாலையில் தாமதமாகக் கொடுத்தால் இரவுத் தூக்கம் கெடும். கடுமையான ஆத்திரத்துக்குக் கொடுக்கும் ரிஸ்பெரிடோன் நேர்மாறு: பசியைத் தூண்டும், எடை ஏறும், தூக்கம் வரும். மாதம் ஒருமுறை எடை பார்த்து எழுதுங்கள். மனச்சோர்வுக்கான ஃப்ளுவாக்செட்டின் நன்றாக வேலை செய்ய நான்கு முதல் ஆறு வாரம் ஆகலாம். "பத்து நாளா குடுக்கிறேன், ஒண்ணும் ஆகல" என்று நிறுத்துவது இங்கேதான். தொடங்கிய முதல் வாரங்களில் பதின்ம வயதுப் பிள்ளைக்குச் சாகும் எண்ணம் கூடுகிறதா என்று கூர்ந்து கவனிக்கவும் வேண்டும். எந்த மருந்தையும் நீங்களாக நிறுத்தாதீர்கள், அளவைக் கூட்டிக் குறைக்கவும் செய்யாதீர்கள்.

மாத்திரை பூட்டிய பெட்டியில், சாவி பெரியவர் இடுப்பில். அதைவிட முக்கியமானது வீட்டுக்குப் பின்னால் இருக்கும் ஸ்டோர். பாராகுவாட் 2020 ஜனவரி முதல் மலேசியாவில் தடை. ஆனாலும் பழைய போத்தல் கிடக்கலாம். மற்றக் களைக்கொல்லிகள் கட்டாயம் இருக்கும். அவற்றைத் தண்ணீர்ப் போத்தலில், கோலாப் போத்தலில் ஊற்றி வைக்கும் பழக்கம்தான் ஆபத்து. இன்றைக்கே எல்லாவற்றையும் வெளியே எடுத்து, வேண்டாததைத் தோட்ட அலுவலகத்திலேயே ஒப்படைத்துவிட்டு, மிச்சத்தை அசல் போத்தலில் பூட்டு போட்டு வையுங்கள். சாகும் எண்ணம் பெரும்பாலும் அலைபோல வந்து போவது. அந்த நேரத்தில் கைக்கு எட்டுவது எது என்பதுதான் முடிவைத் தீர்மானிக்கிறது.

நெருக்கடி இரவு

எல்லாம் செய்தும் ஒரு இரவு வரும். வரிசை இது. மற்றப் பிள்ளைகளைப் பக்கத்து வீட்டுக்கு அனுப்புங்கள். கத்தி, அரிவாள், கண்ணாடிச் சாமான்களை எடுத்துவிடுங்கள். ஒரே ஒருவர் மட்டும் பேசுங்கள், தாழ்ந்த குரலில், குறைவாக. வாசலை மறித்து நிற்க வேண்டாம். மாட்டிக்கொண்டோம் என்று தோன்றினால் பிள்ளை இன்னும் மோதும். லயத்து ஆண்கள் நாலு பேர் வந்து பிடித்துக் கட்டுவது காயத்தில்தான் முடியும்.

எதையாவது குடித்திருந்தாலோ, காயம் இருந்தாலோ, உயிருக்கு ஆபத்து என்றாலோ 999. பக்கத்து அவசரப் பிரிவு சுங்கை சிப்புட் மருத்துவமனைதான். தேவைப்பட்டால் அவர்களே ஈப்போவுக்கு அனுப்புவார்கள். குடித்ததன் போத்தலையும் கையோடு கொண்டுபோங்கள். உடனடி ஆபத்து இல்லை, ஆனால் சமாளிக்க முடியவில்லை என்றால் அரசாங்க உதவி எண்ணான தாலியான் காசிஹ் 15999. 24 மணி நேரமும் எடுப்பார்கள். பேசத் தயாராக இருக்கும் பதின்ம வயதுப் பிள்ளையின் போனில் மனநல ஆதரவு எண்களான ஹீல் 15555, பிஃப்ரெண்டர்ஸ் 03-7627 2929 இரண்டையும் முன்பே பதிந்து வையுங்கள். தற்கொலைக்கு முயன்றால் போலீஸ் பிடிக்கும் என்று இன்னும் மறைக்கிறார்கள். தண்டனைச் சட்டத்தின் 309-ஆம் பிரிவு 2023-இல் நீக்கப்பட்டுவிட்டது. டாக்டரிடம் உண்மையைச் சொல்லலாம்.

வார்டில் சேர்க்க வேண்டும் என்றால் 2001-ஆம் ஆண்டின் மனநலச் சட்டம் வரும். 18 வயதுக்குக் கீழ் என்றால் பாதுகாவலர் விண்ணப்பித்து விருப்பச் சேர்க்கையாகச் செய்யலாம். நீங்கள் யார் என்று காட்ட, முதல் வாரத்தில் சேர்த்த உத்தரவோ பெற்றவர் கடிதமோ இங்கேதான் தேவைப்படும். விருப்பமில்லாச் சேர்க்கையில் 24 மணி நேரத்துக்குள் மறுபடி பரிசோதிக்க வேண்டும்; முதல் கட்டம் ஒரு மாதத்தைத் தாண்டக் கூடாது. ஆக, வார்டு என்பது போய்த் திரும்பும் இடம். பிள்ளைக்கும் அதைத் தேதியோடு சொல்லுங்கள்.

"சேட்டை பண்ணினா தஞ்சோங் ரம்புத்தானுக்கு அனுப்பிடுவேன்" என்பது பேராக்கில் பாட்டிமார் வாயில் தலைமுறை தலைமுறையாக வரும் மிரட்டல். 1911-இல் திறந்த பஹாகியா உலு கிந்தா மனநல மருத்துவமனை அந்த ஊரில் இருப்பதால் வந்த பேச்சு. வீட்டில் அதை இன்றோடு நிறுத்துங்கள். என்றாவது பிள்ளைக்கு அந்த ஆஸ்பத்திரியே தேவைப்பட்டால், தண்டனைக்கு அனுப்புகிறார்கள் என்றுதான் அது நினைக்கும்.

டிஸ்சார்ஜ் அன்று அடுத்த தேதி, மருந்துப் பட்டியல், யாருக்குப் போன் செய்வது இந்த மூன்றும் கையில் இல்லாமல் வார்டை விட்டு இறங்காதீர்கள். வீட்டுக்கு வந்த முதல் வாரம்தான் பிள்ளையைத் தனியாக விடக்கூடாத வாரம்; லீவு எடுக்க முடிந்தால் அப்போது எடுங்கள், வார்டில் இருக்கும்போது அல்ல.

மாற்றுக் கை

களைப்புக்கு மருந்து ஆள்தான். மாதத்தில் இரண்டு சனிக்கிழமையாவது பிள்ளையை வேறொருவர் பார்த்துக்கொள்ளும் ஏற்பாடு முதல் மாதத்திலேயே வேண்டும். முடியாமல் போன பிறகு தேடினால் யாரும் கிடைக்கமாட்டார்கள். மாமாவோ அத்தையோ, எப்போதும் அதே ஆள், அதே நேரம். நோட்டுப் புத்தகத்தை அவருக்கும் காட்டுங்கள். கற்றல் குறைபாடோ மதியிறுக்கமோ உறுதியானால் மாற்றுத்திறனாளி அட்டைக்கு விண்ணப்பித்து, சமூக மறுவாழ்வு மையமான பி.டி.கே.யில் சேர்க்கலாம்; பகலில் சில மணி நேரம் மூச்சுவிட இடம் கிடைக்கும். மனநோய் என்ற பிரிவில் அட்டை எடுக்கக் குறைந்தது இரண்டு ஆண்டு மனநலச் சிகிச்சை எடுத்திருக்க வேண்டும். அதனால்தான் கிளினிக் அட்டைகளைத் தூக்கிப் போடாதீர்கள் என்பது.

தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டு முடித்து இடைநிலைப்பள்ளிக்குப் போகும் வருடத்துக்குக் கூடுதல் கை ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். மொழி மாறும், நண்பர்கள் மாறுவார்கள், புகுமுக வகுப்பில் போட்டால் கூடப் படித்தவர்கள் ஒரு வருடம் முந்திவிடுவார்கள். அதுவரை அடங்கியிருந்தது அந்த வருடம் வெடிப்பது சகஜம்.

இல்லத்தின் மூன்று வாசல்கள்

பிள்ளை இல்லத்துக்குப் போவது மூன்று வழியில். ஒவ்வொன்றும் எங்கே கொண்டுபோய் விடும் என்று தெரியாமல் கையெழுத்துப் போடுகிறார்கள்.

முதல் வாசலைத் தவிர்த்தே ஆக வேண்டும். சிறார் சட்டத்தின் 46-ஆம் பிரிவின் கீழ், பிள்ளை கட்டுக்கடங்கவில்லை என்று பெற்றோரோ பாதுகாவலரோ நீதிமன்றத்துக்கு எழுதிக் கொடுக்கலாம். "ஒரு கடிதம் குடுங்க, கொஞ்ச நாள் வெச்சுத் திருத்தி அனுப்புவாங்க" என்று யாராவது யோசனை சொல்வார்கள். முடிவில் செக்கோலா துனாஸ் பக்திக்கு உத்தரவானால் அது 3 ஆண்டு. மனச்சோர்விலும் பழைய அதிர்ச்சியிலும் தவிக்கும் பிள்ளை, நடத்தைத் திருத்தப் பள்ளியில் குற்றம் செய்த பிள்ளைகளோடு இருக்கும். கடிதம் ஏற்கெனவே போய்விட்டது என்றால், நன்னடத்தை அதிகாரி அறிக்கை தயாரிக்கும் முன்பே மனநல டாக்டரின் கடிதத்தையும் உங்கள் நோட்டின் நகலையும் அவர் கையில் சேர்த்துவிடுங்கள். வீட்டிலேயே வைத்து அதிகாரியின் கண்காணிப்பில் விடவும் நீதிமன்றத்துக்கு வழி இருக்கிறது. அதைக் கேட்டு வாங்க வேண்டும்.

இரண்டாவது, பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் பிள்ளை என்று இலாகாவே நீதிமன்றம் வழியாக ஒரு பாதுகாப்பு இல்லத்தில் வைப்பது. உங்கள் வீட்டிலேயே பிள்ளைக்கு ஆபத்து இருந்தால், உதாரணமாகத் தொல்லை கொடுத்த உறவினர் அதே கூரையின் கீழ் இருந்தால், இது சரியான வழி, தயங்க வேண்டாம். எங்கே வைப்பது என்பதில் கருத்துச் சொல்ல இடம் உண்டு. ரூமா துனாஸ் ஹாராப்பான் போன்றவற்றில் பிள்ளைகளைச் சிறு குழுவாக, ஒரு வீட்டில் ஒரு வளர்ப்பு அம்மா அப்பா என்ற முறையில் வைக்கிறார்கள். பெரிய விடுதியைவிட இந்த அமைப்பு மேல். ருமேனியாவில் இல்லங்களில் இருந்த 136 சிறு குழந்தைகளை வைத்து 2000 வாக்கில் தொடங்கிய ஆய்வில், வளர்ப்புக் குடும்பத்துக்கு மாற்றப்பட்டவர்கள் அறிவிலும் மனநலத்திலும் தேறினார்கள். இரண்டு வயதுக்கு முன் மாற்றப்பட்டவர்களுக்குப் பலன் கூடுதல்.

மூன்றாவது வாசல்தான் மிகச் சுலபம்: தனியார் இல்லம். ஒரு போன், ஒரு பை, முடிந்தது. 1993-ஆம் ஆண்டின் பராமரிப்பு மையச் சட்டப்படி நான்கு பேரோ அதற்கு மேலோ தங்கும் இல்லம் இலாகாவில் பதிவாகியிருக்க வேண்டும். பதிவுச் சான்றைக் கண்ணால் பாருங்கள், காலாவதித் தேதியையும் பாருங்கள். பிறகு நேரில் போய், பிள்ளை இல்லாமல், மாலை நேரத்தில் இவற்றைக் கேளுங்கள்: இரவில் எத்தனை பிள்ளைக்கு ஒரு பெரியவர்? மருந்து யார் கையில், எழுதி வைக்கிறார்களா? ஈப்போ தேதிக்கு யார் கூட்டிப்போவார்கள்? எந்தப் பள்ளி? நான் வாரா வாரம் வரலாமா, போன் பேசலாமா? தப்பு செய்தால் என்ன தண்டனை? கடைசிக் கேள்விக்குச் சிரித்து மழுப்பினால் திரும்பி வந்துவிடுங்கள். "முதல் மூணு மாசம் பார்க்க வரக்கூடாது, அப்பத்தான் பழகும்" என்றாலும் அப்படியே. நன்கொடை தர வருகிறவர்களோடு பிள்ளைகளை நிறுத்திப் படம் எடுத்துப் பரப்பும் இடமும் வேண்டாம். நீதிமன்ற வழக்கில் இருக்கும் பிள்ளையை அடையாளம் காட்டுவது குற்றம்கூட.

போகத்தான் வேண்டும் என்றால்

இரவில், சண்டை நடந்த கையோடு அனுப்பாதீர்கள். இரண்டு முறை பகலில் கூட்டிப்போய்க் காட்டுங்கள். ஏன் போகிறாய், எவ்வளவு நாள், நான் எப்போது வருவேன் என்று மூன்று வாக்கியத்தில் சொல்லுங்கள். "பள்ளி டூர்" என்று பொய் சொல்லிக் கூட்டிப்போனால் அடுத்து நீங்கள் சொல்லும் எதையும் நம்பாது. பையில் இரண்டு வாரத்துக்கான மருந்து லேபிளோடு, ஃபைலின் நகல், நோட்டுப் புத்தகத்திலிருந்து "எதனால் அடங்கும்" என்ற பக்கங்கள், அதன் சொந்தப் போர்வை, குடும்பப் படம். போர்வையைத் துவைக்காமல் கொடுங்கள். வீட்டு வாசனை இருக்கட்டும்.

பார்க்கப் போகும் நாளை மாற்றாதீர்கள். முதல் ஞாயிறு என்று சொன்னால் முதல் ஞாயிறுதான். முடியாவிட்டால் அதற்கு முன்பே போன் செய்து பிள்ளையிடமே சொல்லுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அதிகாரி, இல்லப் பொறுப்பாளர், டாக்டர் மூவரிடமும் ஒரே கேள்வி கேளுங்கள்: வீட்டுக்குத் திரும்ப இன்னும் என்ன வேண்டும்? பதிலை எழுதி வாங்குங்கள். யாரும் கேட்காத பிள்ளையின் உத்தரவுதான் தானாக நீண்டுகொண்டே போகும்.

திரும்பும்போது ஒரே நாளில் அழைத்து வராதீர்கள். அதிகாரியிடம் அனுமதி வாங்கி முதலில் ஒரு பகல், பிறகு ஒரு வார இறுதி, பிறகு பள்ளி விடுமுறை. வந்து சேரும் வாரத்துக்கு முன்பே ஈப்போ தேதியை உறுதி செய்து, மாற்றுக் கை ஆளிடம் சனிக்கிழமையைச் சொல்லி வைத்து, ஸ்டோர் பூட்டை ஒருமுறை இழுத்துப் பாருங்கள். இல்லத்தில் மருந்து மாறியிருந்தால் பழைய மாத்திரைகளை வீட்டில் வைத்திருக்காமல் மருந்தகத்தில் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். இரண்டும் கலந்துபோய் இரட்டை அளவு கொடுப்பது எளிதில் நடக்கக்கூடியது.